கூட்டினால் எட்டு வரும் கார்

அன்னக்கொடி ஏறுவதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

திருமங்கலம் போகும் அந்தக் காலை பஸ்ஸில் எப்போதும் கால் வைக்க இடம் இருக்காது. படியும் உயரம். அன்னக்கொடியின் வலது காலில் தொடையிலிருந்து பாதம்வரை இரும்புச் சட்டம் பூட்டியிருந்தது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் விட்டுவிட்டுப் போனது அது. அந்தச் சட்டம் முட்டியில் மடங்காது. ஊன்றி நடக்கும் கம்பைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

"அடுத்த பஸ்ஸுல வாத்தா!" என்று கண்டக்டரின் குரல் மட்டும் புழுதியோடு வந்தது.

அடுத்த பஸ் பதினோரு மணிக்கு. பள்ளிக்கூடம் ஒன்பதரைக்கு.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு. ஒன்பதாவது படிக்க ஏழு மைல் தாண்டித் திருமங்கலம் போக வேண்டும். மூன்று நாளாக அன்னக்கொடி முயன்று பார்த்தாள். மூன்று நாளும் பஸ் ஜெயித்தது.

அவள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. புத்தகங்களைத் தகரப் பெட்டிக்குள் அடுக்கி மூடினாள்.

"எட்டு வரைக்கும் படிச்சதே போதும்மா" என்றாள்.

தங்கை முத்துத்தாய்க்கு அதுதான் தாங்கவில்லை. அக்கா அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா எப்போதுமே இப்படித்தான். பசிக்கிறது என்று சொல்ல மாட்டாள். கால் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். முத்துத்தாய்க்குப் பதினொரு வயதுதான். ஆனாலும் அக்கா சொல்லாததையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மலையாண்டி லாரியிலிருந்து வந்து இறங்கினார். பன்னிரண்டு வருஷமாக ஊர் ஊராக லாரி ஓட்டுகிறவர். நடந்ததை அம்மா சொல்லச் சொல்ல, கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இனிமே லாரி வேணாம்" என்றார் கடைசியில். "சொந்தமா ஒரு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுறேன். காலையில அன்னக்கொடியையும் கூட நாலு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துல விடுறது. மத்த நேரம் சவாரி."

"காருக்குப் பணம்?" என்று அம்மா கேட்டாள்.

கேட்டவளே மறுநாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். உழவு மாடு ஜோடியும் போயிற்று. சேர்த்து வைத்திருந்ததோடு மொத்தம் இருபத்துநாலாயிரம் தேறியது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. தலைமையாசிரியை, "இன்னும் ஒரு வாரம் இடத்தைப் பிடித்து வைக்கிறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமை எல்லோரும் மதுரைக்குப் போனார்கள். பதினோரு மணி பஸ் காலியாக வந்ததால் அன்னக்கொடியும் ஏற முடிந்தது. அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து தாய்மாமன் தவசி வந்து சேர்ந்துகொண்டார்.

தவசி மாமாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மாட்டைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. தூரத்தில் நிற்கிற காளையைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லுவார்.

"மாடோ காரோ மச்சான், நாலு கால்ல நிக்கிற எதையும் நான் பாத்துச் சொல்லுவேன்" என்றார் அப்பாவிடம்.

கே.கே. நகரைத் தாண்டி ஆண்டிச்சாமியின் தகர ஷெட் இருந்தது. ஆண்டிச்சாமி முன்பு மாட்டுத் தரகர். இப்போது கார் தரகர். மாமாவைப் பார்த்ததும், "வாங்க தவசி அண்ணே! சந்தையில பாத்தது, எத்தனை வருஷமாச்சு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஷெட்டின் முன்னால் வெள்ளை நிற ஃபியட் ஒன்று பளபளவென்று நின்றது.

"டாக்டர் வண்டி" என்றார் ஆண்டிச்சாமி. "ஒரே கைதான் ஓட்டியிருக்கு. இருபத்துமூணு சொல்றேன். பெட்ரோலும் கொஞ்சமாத்தான் குடிக்கும்."

மாமா காரைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தைப் பளாரென்று தட்டினார். குனிந்து, முன்னால் விளக்குகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தார்.

"என்ன மாமா தேடுறீக?" என்று முத்துத்தாய் கேட்டாள்.

"மாட்டு நெத்தியில பாக்குற மாதிரி, சுழி சுத்தமா இருக்கான்னு பாக்குறேன்."

"பல்லு பாக்கலையா?"

"வாயைத் திறந்தாத்தானே பாக்கலாம்!" என்றார் மாமா. அப்பா இன்ஜின் மூடியைத் திறந்தார். "இந்தா, திறந்துருச்சு!" என்று மாமா எட்டிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

பின்னால், ஷெட்டின் மூலையில் ஒரு கறுப்பு அம்பாசடர் நின்றது. பெயின்ட் வெளுத்து, கண்ணாடியில் விரலால் எழுதலாம்போலத் தூசி.

"அது என்ன விலைண்ணே?" என்றார் அப்பா.

"இருபத்தாறு. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. ஆனா..." ஆண்டிச்சாமி இழுத்தார். "மூணு மாசமா எவனும் கிட்டப் போகலை. நம்பரைப் பாருங்க."

மாமா விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு, மூணு, நாலு, அஞ்சு. பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு! மச்சான், திரும்பிப் பாக்காம வாங்க."

எட்டு என்றால் சனி என்பார்கள். கூட்டினால் எட்டு வரும் வண்டியை ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். அப்பாவுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் இருபத்தாறு கைக்கு எட்டாது. அவர் ஃபியட்டிடமே திரும்பி வந்தார்.

"ஏறி உக்காந்து பாரு தாயி" என்று அன்னக்கொடியைக் கூப்பிட்டார்.

அவள் பின்கதவு வழியாக முதுகைத் திருப்பி உட்கார்ந்து, மெல்லக் காலை உள்ளே இழுத்தாள். சட்டத்தோடு சேர்ந்த பூட்ஸ் முன்சீட்டில் இடித்தது. கொஞ்சம் சாய்ந்தாள். கொஞ்சம் திரும்பினாள். எப்படியோ கால் உள்ளே போய்விட்டது.

"சவுகரியமா இருக்கா?"

"ரொம்ப சவுகரியமா இருக்குப்பா" என்று சிரித்தாள்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் முத்துத்தாய் மறுபக்கக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. அக்கா சீட்டின் விளிம்பில் பாதிதான் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ் முன்சீட்டுக்கு அடியில் மாட்டி, இரும்புச் சட்டம் தொடையில் அழுத்தியது. வழுக்கி விழாமலிருக்க ஒரு கை சீட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

அப்பா அந்தப் பக்கம் போனதும் முத்துத்தாய் தலையை உள்ளே நீட்டினாள். "அக்கா, வலிக்குதுல்ல?"

"உஸ்! சொல்லிராத."

"குறுக்க நீட்டி உக்காரேன்."

"கூட நாலு பிள்ளைக வருமே. அதுக எங்க உக்காரும்? அதுக வந்தாத்தான் பெட்ரோலுக்கே கட்டும்."

"முன்னால உக்காரு."

"அங்க இன்னும் இடம் கம்மி. பாத்துட்டேன்." அன்னக்கொடி குரலைத் தாழ்த்தினாள். "அம்மா கழுத்தைப் பாத்தியாடி? வெறுங்கழுத்தா இருக்கு. இதுக்கு மேல அப்பாகிட்ட என்னத்தைக் கேக்குறது? என் மேல ஆணை, நீ சொல்லக் கூடாது."

முத்துத்தாய் வெளியே தலையை எடுத்தாள். சொன்னால் ஆணையை மீறியதாகும். சொல்லாவிட்டால் தினம் இரண்டு வேளை, ஏழு மைல் போக, ஏழு மைல் வர, அக்கா இப்படியே தொங்கிக்கொண்டு போவாள். வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள்.

அதற்குள் மாமா தோளிலிருந்த துண்டை உதறினார்.

"ஆண்டிச்சாமி, வாயால பேசுற பேரம் நமக்குச் சரிப்படாது. கையைக் கொடு."

இரண்டு பேரும் வலது கைகளைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். விலையைச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துக் காட்டுவார்கள். சரி என்று தோன்றினால் கையைக் குலுக்கித் துண்டை எடுப்பார்கள். துண்டு விலகிவிட்டால் அதன் பிறகு பேச்சு மாறக் கூடாது. மாறினால் அவருடைய சொல்லுக்குச் சந்தையில் மதிப்பில்லை.

துண்டு அசைந்தது. ஆண்டிச்சாமி உதட்டைப் பிதுக்கினார். மாமா கண்ணைச் சிமிட்டினார். துண்டு மறுபடி அசைந்தது.

முத்துத்தாய் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்க ஒரு தடவை பின்னால ஏறி உக்காருங்க."

"நானா? நான் ஓட்டப் போறவன்டி."

"ஒரே ஒரு தடவை. ஆனா வலது முட்டியை மடக்கக் கூடாது."

"இது என்ன விளையாட்டு?" என்று சிரித்தபடி அப்பா கதவைத் திறந்தார். அன்னக்கொடி இறங்கி நின்றாள். அப்பா காலை விறைப்பாக வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"மடங்குது! மடங்குது!" என்றாள் முத்துத்தாய்.

"சரி, சரி." மறுபடி முயன்றார். செருப்பு இடித்தது. இடுப்பை நகர்த்தினார். தலை கூரையில் மோதியது.

"என்ன மச்சான், தொழுவத்துல கட்டாத காளை மாதிரி துள்ளுறீக?" என்று துண்டுக்குள் கையோடு நின்ற மாமா சிரித்தார்.

அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காலை முன்சீட்டுக்கு அடியில் தள்ளினார். சீட்டின் விளிம்பில் பாதி உட்கார்ந்தார். விழாமலிருக்கக் கை தானாகப் போய்ச் சீட்டைப் பிடித்தது.

அப்போது அவர் சிரிப்பு நின்றது.

தன் கையைப் பார்த்தார். நீட்டிய காலைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற அன்னக்கொடியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா மெல்ல இறங்கி வந்து அவள் முன்னால் நின்றார்.

"வலிச்சுச்சா தாயி?"

"இல்லப்பா."

அவர் அசையாமல் நின்றார்.

"கொஞ்சம்" என்றாள் அன்னக்கொடி. அந்த ஒரு சொல்லோடு, பஸ் போனபோது வராத அழுகை இப்போது வந்தது.

அப்பா கறுப்பு அம்பாசடரிடம் நடந்தார். கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டில் போடலாம்போல இடம். இன்ஜினைத் திறந்து பார்த்தார். ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பின்னால் போய்ப் புகைக்குழாயில் விரலை விட்டுக் கரியைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷ டிரைவருக்கு அது போதும்.

"மாப்ள, இந்த வண்டிதான்" என்றார்.

மாமாவின் முகம் வெளுத்தது. "மச்சான், எட்டு! கல்யாணச் சவாரிக்கு எவன் ஏறுவான்? அதுவும் போக, இங்க துண்டுக்குள்ள பேச்சு முடியப் போகுது. நான் சொன்ன சொல்லு என்ன ஆகுறது?"

"துண்டை இன்னும் எடுக்கலையே மாமா" என்றாள் முத்துத்தாய்.

எல்லோரும் துண்டைப் பார்த்தார்கள். அது இன்னும் இரண்டு கைகளின் மேலேயே கிடந்தது.

"எடுத்தாத்தானே பேச்சு முடியும்? இப்பவே விரலை மாத்தலாம்ல?"

ஆண்டிச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, உங்க மருமக சந்தைக்கு வந்தா நம்ம பொழப்பு போயிரும்!"

மாமா சிரிக்கவில்லை. "எட்டு ஆகாதுத்தா" என்றார் தாழ்ந்த குரலில். நிஜமாகவே பயந்த குரல் அது. "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் அக்கா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

முத்துத்தாய் கொஞ்சம் யோசித்தாள்.

"எட்டோட அக்கா படிப்பு நின்னு போச்சு மாமா. அந்த எட்டைத் தாண்டத்தானே வண்டியே வாங்குறோம்?"

மாமா அன்னக்கொடியை ஒரு முறை பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துண்டு மெல்ல அசைந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார் ஆண்டிச்சாமி.

"மூணு மாசமா தூசிதானே தின்னுக்கிட்டு நிக்குது? இன்னும் மூணு மாசம் நிக்கட்டுமா?"

துண்டு மறுபடி அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. கடைசியில் கை குலுங்கியது. மாமா துண்டை உருவித் தோளில் போட்டார்.

"இருபத்துநாலு" என்றார். பிறகு மடியை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "பெட்ரோலு என் செலவு. காளைக்குத் தீவனம் போடாம ஓட்டிக்கிட்டுப் போறது பாவம்."

ஆனாலும் மாமாவின் மனம் முழுக்க ஆறவில்லை. மறுநாள் பூஜை போடும்போது நம்பர் பலகையின் கடைசி அஞ்சின் மேல் சந்தனத்தை அள்ளி அப்பிவிட்டார். திருமங்கலத்தில் போலீஸ்காரர் நிறுத்தி, "நம்பர் எங்கய்யா?" என்று கேட்டுத் துடைக்க வைத்தார். மாமா சொன்னது போலவே முதல் மாதம் கல்யாணச் சவாரி ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வந்தார்கள். அவசரத்தில் அவர்கள் யாரும் நம்பரைக் கூட்டிப் பார்க்கவில்லை.

வண்டி வாங்கிய அடுத்த திங்கட்கிழமை காலை, கறுப்புக் கார் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. கூட வந்த நாலு பிள்ளைகளும் இறங்கி ஓடினார்கள். முதல் நாளைப் பார்க்க வேண்டும் என்று முத்துத்தாயும் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். அன்னக்கொடி தானே கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, கம்பை ஊன்றி எழுந்து நின்றாள். அப்பா இறங்கி வரப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

நாலு அடி நடந்தவள் நின்றாள். திரும்பி வந்து ஜன்னலருகே குனிந்தாள்.

"அப்பா, மணி நாலு பத்துக்கு அடிப்பாங்களாம். நாலு மணிக்கே வந்துருங்க. வர்றப்ப பசிக்கும், எனக்கு ரெண்டு வடை வாங்கிட்டு வாங்க."

அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையை ஆட்டினார்.

"ரெண்டு பத்தாதுப்பா" என்றாள் பின்சீட்டிலிருந்து முத்துத்தாய். "அக்காவுக்கு மூணு வாங்குங்க."