இடது கை இல்லாதவன்

அரங்கநாதன் மாட்டுக்கொட்டகை வாசலில் மல்லாந்து கிடந்தார். கழுத்தில் மூன்று வெட்டு. கரும்பு வெட்டும் கத்தி பக்கத்திலேயே கிடந்தது. உறுவையாறு கிராமத்தில் அன்று ஆடி வெள்ளி. காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

கொலையைப் பார்த்தவள் மருமகள் சரண்யா மட்டும்தான்.

"மூஞ்சில துண்டு கட்டியிருந்தான். மாமாவ வெட்டிட்டு என்னத் திரும்பிப் பாத்தான். அவனுக்கு இடது கை இல்ல." சொல்லி முடித்ததும் வாந்தியெடுத்தாள்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. இடது கை இல்லாதவன் அங்கே பாக்யராஜ் ஒருவன்தான். அரங்கநாதனின் கரும்பாலையில் முழங்கையோடு போன கை. போன வாரம்கூட, "அந்தாள வெட்டாம வுடமாட்டேன்" என்று சாராயக்கடை வாசலில் கத்தியிருந்தான்.

இன்ஸ்பெக்டர் சகாயராணி வருவதற்குள் அவன் குடிசை எரிந்துகொண்டிருந்தது. வேலிக்கம்பால் அடித்து அவன் முன்பற்களை உடைத்திருந்தார்கள். போலீஸார் அவனை ஜீப்பில் இழுத்துப் போட்டபோது ஒரு கல் வந்து கண்ணாடியை நொறுக்கியது.

"கத்துனது நெசம் மேடம். வெட்டல."

சகாயராணி அவனுடைய ஒரே கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். காப்புக் காய்த்திருந்தது. காயமில்லை.

பிறகு பிணத்தருகே குனிந்தாள். பற்களின் இடுக்கில் ரத்தம். உதட்டை விலக்கினாள். நாக்கிலோ ஈறிலோ ஒரு கீறல்கூட இல்லை.

"அவன எங்ககிட்ட வுடுங்க மேடம்!" அரங்கநாதனின் அண்ணன் மகன் அரிகரன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். இடது கையில் துணிக்கட்டு.

"கையில இன்னா?"

"கரும்புத் தோகை அறுத்துடிச்சி."

சகாயராணி வீட்டுக்குள் போனாள். சரண்யா ஜன்னலைச் சாத்திவிட்டு, தலையில் துணியை இறுக்கிக் கட்டிப் படுத்திருந்தாள்.

"கொட்டகைல வேற இன்னா பாத்த?"

"ஒத்த மாடுதான் நின்னுச்சு. இன்னொண்ணு எங்கன்னு நெனச்சேன்."

கொட்டகையில் இரண்டு மாடுகளும் காலையில் கட்டிய இடத்தில் அப்படியே நிற்பதைச் சகாயராணி பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். யாரும் அவிழ்க்கவில்லை.

"அப்ப கண்ணுல வெளிச்சம் ஏதாவது தெரிஞ்சுதா?"

"ஆமா மேடம். ரம்பப் பல்லு மாதிரி, வலது பக்கம் மின்னுச்சு. பித்தம்னு நெனச்சேன். அப்பறந்தான் தல பொளக்குது."

"சாப்பிட்டியா?"

"விரதம். நேத்து தூக்கமும் இல்ல."

சகாயராணி வெளியே வந்தாள்.

"சரண்யா பொய் சொல்லல. ஒற்றைத் தலைவலி வர்றதுக்கு முன்னாடி சில பேருக்குக் கொஞ்ச நேரம் பார்வையில ஒரு பக்கம் அழிஞ்சிடும். எனக்கும் வரும். அவளுக்கு வலது பக்கத்து மாடு தெரியல. எதிர்ல நின்னவனோட இடது கையும் அவளுக்கு வலது பக்கந்தான். அதுவும் தெரியல."

சகாயராணி அரிகரன் பக்கம் திரும்பினாள்.

"பெரியவரு பல்லுல ரத்தம். அவரு வாயில காயமில்ல. வாயப் பொத்துன கையக் கடிச்சிருக்காரு. பாக்யராஜுக்கு இருக்கறது ஒரு கை. அதுல கத்தி இருந்தா, எதால வாயப் பொத்துவான்? அரிகரா, கட்ட அவுத்துக் காட்டு."

அரிகரன் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து வீசினான். அவள் தலையை விலக்கினாள். சுவர் பெயர்ந்தது. அவளுடைய லத்தி அவன் மணிக்கட்டில் இறங்க, எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கட்டு அவிழ்ந்தது. உள்ளங்கையின் ஓரத்தில் பிறை வடிவில் பல் தடம்.

"நெலத்த மனை போடத் தரமாட்டேன்னாரு," என்று தரையில் கிடந்தபடி காறித் துப்பினான்.

சரண்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னாலதான மேடம் பாக்யராஜ் வூடு எரிஞ்சிது?"

"நீ பாத்ததச் சொன்ன. கொளுத்துனது நீயில்ல. இன்னிக்கே பெரியாஸ்பத்திரில காட்டு. இனிமே பட்டினி கெடக்காத, தூக்கத்தக் கெடுத்துக்காத. அந்த வெளிச்சம் வந்தா, வேலய வுட்டுட்டு இருட்டுல படு."

ஜீப்பில் பாக்யராஜ் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் போலாமா மேடம்?"

"போலாம். உன்ன அடிச்சவங்க, குடிசையக் கொளுத்துனவங்க யாருன்னு தெரியுமா?"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பாக்யராஜ் இறங்கி நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"நான் இந்த ஊர்லயே பொறந்தவன் மேடம். எல்லாரு பேரும் தெரியும். எழுதிக்குங்க."