இடியாத கரை

அத்தனை மழைக்குப் பிறகும் ஹூரியாவின் வீட்டுக் கரையில் ஒரு பிடி மண்கூட இடியவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் ஓடை அவள் சமையலறைக்குப் பின்னால்தான் வளைந்து திரும்புகிறது. மழை வந்தால் அதற்குக் கொம்பு முளைத்துவிடும். இந்தப் பக்கத்து மண்ணை அறுத்துக்கொண்டு போய் எதிர்க்கரையில் மேடாக்கும். பக்கத்து வீட்டுத் தோட்டம் அப்படித்தான் போனது. அப்புறம் அந்த வீட்டுக்காரர்களும் போனார்கள். இந்த வரிசையில் இப்போது விளக்கெரிவது இவள் வீட்டில் மட்டும்.

சமையலறை மூலை சரிந்தால் நகராட்சிக்காரர்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பிறகு ஒரான் நகரத்தில் தம்பி வீட்டுக்குப் போய், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டும். தலாக்குக்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்த வீடுதான். அதனால் மழைக்காலத்துக்கு முன்பே, ஓடைக்கரையில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். லாரிக்கார ஸ்லிமானைக் கூப்பிட்டுக் கரையோரம் இடிபாடு கொட்டச் சொன்னாள்.

பள்ளிக்கூடச் சரிவில், நிலநடுக்கத்தில் அமிழ்ந்த கட்டடத்தை இப்போதுதான் வாரி எடுக்கிறார்களாம். கான்கிரீட்டோடு பச்சை டைல்ஸும் ஒரு கதவு நிலையும் வந்து விழுந்தன.

“அங்க இருந்தவங்களை எல்லாம் எடுத்துட்டாங்கல்ல?”

“கீழ்வீட்டுக்காரங்க மட்டும் கிடைக்கலக்கா,” என்றான் ஸ்லிமான். “உனக்கு எதுக்கு அந்தக் கதை? கரை நின்னா சரி.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். அது லாரியிலும் வரும்.

கரை நின்றது. மழைக்காலம் முழுக்க நின்றது. ஒரு சாயங்காலம், ஷோர்பா சூப்புக்கு டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஓடையில் கற்கள் ஒன்றோடொன்று முட்டி உருளும் ஓசைக்கும் சாக்கடையும் ஈர வண்டலும் கலந்த வாடைக்கும் நடுவே, தரைக்கு அடியிலிருந்து யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம். ஒரு குழந்தையின் இருமல்.

அவளுக்கு உடம்பு சில்லிட்டது. ஆனாலும், சொல்ல வெட்கம்தான், அது அவளுக்குப் பிடித்திருந்தது. எத்தனை காலமாக அந்த வீட்டில் அவள் இருமல் மட்டுமே கேட்டிருக்கிறது! மறுநாள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும் காத்திருந்தாள். கீழே தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டதும் இவளும் சாப்பிட உட்கார்ந்தாள்.

அப்புறம் பெருவெள்ளம் வந்தது. வடிந்த பிறகு சாயங்கால வெளிச்சத்தில் சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கற்களுக்கு இடையில் இருந்த மண்ணை ஓடை அலசிக்கொண்டு போயிருந்தது. கன்னாபின்னாவென்று கொட்டிக் கிடந்தவை இப்போது ஒழுங்காக நின்றன. டைல்ஸோடு டைல்ஸ் சேர்ந்து ஒரு சுவர். அதில் நிமிர்ந்து நிற்கும் கதவு நிலை. நிலைக்குள் மண் இல்லை. இருட்டு இருந்தது.

ஜன்னலைச் சாத்தினாள்.

கீழே ஒரு பெண் குரல் கேட்டது.

“மெதுவா நடங்க பிள்ளைங்களா. மேல ஹூரியாக்கா இருக்காங்க.”

மூச்சை அடக்கினாள். ஓடைச் சத்தமும் நின்றது.

“பாவம், ஒத்தையா கிடக்கிறாங்க,” என்றது குரல். “கீழ கூட்டிக்கலாம்.”

கூடத்துக்கு ஓடினாள். முடியவில்லை. கூடத்தின் வாசற்படி அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது.

எதுவும் இடியவில்லை. ஒரு விரிசல் இல்லை. ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. சுவரோரம் பார்த்தாள். சமையலறைத் தரையின் விளிம்பைச் சுற்றிலும் விரல்கள். வண்டல் அப்பிய விரல்கள். பெரியவை. அவற்றுக்கு நடுவே குட்டி விரல்களும்.

தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, அவர்கள் அவளை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள்.