பலகைக்கரட்டில் ஐந்து சென்டிமீட்டர்

ஒரே இடத்தை இரண்டாவது முறை பார்த்தபோது ஐந்து சென்டிமீட்டர் கூடியிருந்தது.

செல்லக்கிளி முக்காலியில் நின்ற மட்டக்கருவியிலிருந்து கண்ணை எடுத்துக் கசக்கிக்கொண்டாள். சமயநல்லூருக்கு மேற்கே பலகைக்கரடு என்னும் சிறுகுன்றின் உச்சியை அளக்க வந்து இது நான்காவது நாள்; ஏறி இறங்கியே உடம்பு ஓய்ந்துவிட்டது. சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்தோட, கரையாத பாறை மட்டும் இப்படி மேசையாக நின்றுவிடும் என்று கல்லூரியில் படித்திருக்கிறாள். வடக்கே சிறுமலையும் தெற்கே நாகமலையும் மேடும் மடிப்புமாகக் கிடக்க, நடுவில் இந்தக் கரடு மட்டும் வழித்துவிட்டாற்போல் தட்டையாக இருந்தது. ஒரு புல் இல்லை, ஓர் ஓணான்கூட இல்லை. உச்சி வெயிலிலும் பாறையிலிருந்து ஈர வாடை வந்தது.

அறுபது மீட்டர் தள்ளி பீமாராவ் உயரமான அளவுகோலைப் பிடித்து நின்றார். இருபது வருடமாகக் கோல் பிடிக்கிறவர். அளக்கிறவர் சொல்லும்வரை கோலை நகர்த்தக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். குளவி கொட்டினாலும் அவர் நகர்த்தமாட்டார். கருவி வழியே கோலில் தெரியும் எண் கூடினால், கோல் நிற்கும் தரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். பாறை எங்கே தாழும்? மனிதர் தூங்கிவழிகிறார் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. போனில் கூப்பிட்டு, ஆடாமல் நிற்கச் சொன்னாள்.

"இம்புட்டு நேரமும் ஆடாமத்தான் நிக்கிறேன் மேடம். கால்தான் மரத்துப்போச்சு, எடுக்க வரல."

"இன்னும் ஒரே தடவைண்ணே. நாளைக்கும் ஏறி வர என்னால முடியாது."

மறுபடி கண்ணை வைத்தாள். ஒரு மீட்டர் நாற்பதாக இருந்த எண் ஒரு மீட்டர் தொண்ணூறு ஆகியிருந்தது. அவர் முழங்காலுக்குக் கீழே கானல் நெளிந்து எல்லாவற்றையும் மறைத்தது. கருவி சாய்ந்துவிட்டதோ என்று அதன் மட்டக் குமிழியைப் பார்த்தாள், நடுவில்தான் நின்றது.

இரண்டு நாற்பது. கானல் அவர் நெஞ்சுவரை ஏறியிருந்தது.

தான்தான் அவரை அங்கே நிறுத்திவைத்தோம் என்பது உறைத்தது. கோலைப் போட்டுவிட்டு ஓடி வரச் சொல்லிக் கத்தினாள். போனில் கூப்பிட்டாள்; அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மூன்று இருபது.

பிறகு எண் குறைந்தது. மூன்று பதினைந்து. மூன்று பத்து. மேலே வருகிறார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு மேகம் வெயிலை மறைத்தது. கானல் அடங்கியது.

பீமாராவ் இல்லை. கோல் நேராக நின்றது. பாறைக்கு மேல் நீண்டிருந்த இரண்டு கைகள் அதை இறுகப் பிடித்திருந்தன.

கோல் அசையவில்லை. எண் மட்டும் குறைந்துகொண்டிருந்தது. கோல் ஏறவில்லை என்றால், இறங்குவது கருவி.

அவரை நோக்கி ஓடக் காலைத் தூக்கினாள். வரவில்லை.

குனிந்து பார்த்தாள். கணுக்காலைச் சுற்றி ஒரு விரிசல்கூட இல்லாமல் பாறை வழவழவென்று மூடியிருந்தது. அது முழங்காலை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.