கத்தி எந்தப் பையில்?

கடுகுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டில் காரம் ஒன்றும் அதிகமில்லை. எரிச்சலுக்குக் காரணம் அக்காவின் புத்தம் புது பாஸ்போர்ட்.

கடுகு என்பது பத்து வயதான அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். ஆள் சின்னது, கோபம் வந்தால் படபடவென்று வெடிக்கும். இந்த ஒரு மாதமாக அவள் வெடிக்காத நாளே இல்லை.

விஷயம் இதுதான். அம்மா வீட்டு முன்னறையில் சமையல் வகுப்பு நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வருபவர்கள் எல்லோரும் பெரியவர்கள். ஒரு பல் டாக்டர் அம்மா, ஒரு கேன்டீன் மாஸ்டர், இப்படிப் பத்துப் பேர். அவர்கள் எல்லோரும் அம்மாவோடு சேர்ந்து எட்டு நாள் வெளிநாடு போகிறார்கள். அங்கே ஒரு சமையல்காரர் வீட்டில் தங்கி, அவரோடு சந்தைக்குப் போய், அவர் அடுப்படியிலேயே நின்று அந்த ஊர்ச் சமையலைக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

அந்தச் சமையல்காரர் வீட்டில் பன்னிரண்டு பேருக்கு இடம் உண்டு. அம்மாவையும் சேர்த்துப் பதினொரு பேர் ஆயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம். வீட்டில் இருந்ததோ இரண்டு பெண்கள்.

"அவ மட்டும் ஏன் போகணும்?" என்று கடுகு கேட்டாள். இது நாற்பதாவது தடவை.

"அக்காவுக்குப் பதினாலு வயசு. வகுப்புல எனக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கா. பயண வேலை பூரா அவதான் பாக்கறா. நீ என்ன பண்ணினே?"

"எனக்கு நீ ஒரு வேலையும் குடுக்கலையே. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா சமையலறைப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா உண்மையிலேயே நன்றாக வேலை செய்தாள். யாருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, யாருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், யாருடைய பாஸ்போர்ட் எப்போது முடிகிறது, எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எந்தப் பையில் எதை வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். கொஞ்சம் சொதப்பியிருந்தாலாவது கடுகுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு சொதப்பலும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் மதியம், அக்கா பன்னிரண்டு பிளாஸ்டிக் உறைகளில் டிக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு டிக்கெட்டும் மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கங்கள் மட்டும் உறைக்குள் போயின. மூன்றாம் பக்கங்களை ஒன்றாக அடுக்கிக் கடுகிடம் நீட்டினாள்.

"இந்தா, இதெல்லாம் தேவையில்ல. பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. படம் வரைஞ்சுக்கோ."

அக்காவுக்கு வெளிநாடு. தங்கைக்குக் கழிவுக் காகிதம். கடுகு பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு விமானம் வரைந்தாள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி பறக்க, அக்கா தொங்கினாள். மூக்கைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். மனசுக்கு இதமாக இருந்தது. இன்னொன்று வரையலாம் என்று காகிதத்தைத் திருப்பியபோதுதான் அச்சடித்த பக்கம் கண்ணில் பட்டது.

அதில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருந்தன. கத்தரிக்கோல், தீப்பெட்டி, கத்தி. ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் கோடு. கீழே பொடி எழுத்தில், 'இவற்றைக் கைப்பையில் கொண்டுவரக் கூடாது. சோதனையில் கண்டால் பறிமுதல் செய்யப்படும்' என்று இருந்தது. அதற்கும் கீழே, எதையெல்லாம் பெரிய பெட்டியில் வைக்கலாம் என்று இன்னும் பொடி எழுத்தில் இருந்தது. அந்த வரிசையில் 'கெட்டித் துணியில் சுற்றிய கத்தி' இருந்தது.

கடுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அக்காவின் பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. முறைத்து முறைத்தே அது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. 'கைப்பையில்: பாஸ்போர்ட், டிக்கெட், மாத்திரை, கத்தி.'

வேறு யாராவது என்றால் கத்தியை அங்கே எழுதியிருக்கவே மாட்டார்கள். இவர்கள் சமையல்காரர்கள். "உங்க கத்தி எப்பவும் உங்க கையிலயே இருக்கணும். அடுத்தவங்ககிட்டக் குடுக்காதீங்க, கண்ட இடத்துல வைக்காதீங்க" என்பதுதான் அம்மா வகுப்பில் சொல்லித்தரும் முதல் பாடம். அந்தப் பாடம் அப்படியே பட்டியலில் ஏறிவிட்டது. பன்னிரண்டு பேருக்கும் அது தப்பாகவே தோன்றவில்லை.

கடுகுக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு விமான நிலையத்தில் பன்னிரண்டு கத்தியும் பறிபோகும். எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்கள். "இதுகூடவா பாக்கல நீ?" என்று அம்மா கேட்பாள். அக்கா முகம் சுண்டிப்போகும். கடுகு இதை மனசுக்குள் மூன்று தடவை நடத்திப் பார்த்தாள். மூன்று தடவையும் இனித்தது.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் பெட்டியோடு வந்தார்கள். முன்னறையில் கால் வைக்க இடமில்லை. அக்கா தராசில் ஒவ்வொரு பெட்டியாகத் தொங்கவிட்டு எடை பார்த்தாள். "டாக்டரம்மா, உங்க பெட்டி கனம் ஜாஸ்தி. எதையாவது எடுத்துடுங்க" என்றாள்.

"ரெண்டு சேலையை எடுத்துடறேன். அம்மிக் குழவியை மட்டும் எடுக்கச் சொல்லாதே" என்றார் டாக்டர் அம்மா.

மாஸ்டர் தன் கைப்பையைத் திறந்து அடுக்கிக்கொண்டிருந்தார். கடுகைக் கூப்பிட்டு, துண்டில் சுற்றிய ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் புடிச்சுக்கோம்மா. கீழ வைக்க மனசு வரல."

"என்ன மாஸ்டர் இது?"

"என் கத்தி. பதினெட்டு வருஷமா என்கூட இருக்கு. ஒரு நாள் இதைக் காணோம்னு கேன்டீன் பூரா தேடினேன். கிடைக்கற வரைக்கும் வேற கத்தியத் தொடல. அன்னிக்கு நானூறு பேருக்கும் வெங்காயம் இல்லாத சாப்பாடு."

அவர் சிரித்தார். பிறகு அதை வாங்கி, பாஸ்போர்ட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவே, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தார்.

கடுகு அந்தப் பையையே பார்த்தாள். அவள் நடத்திப் பார்த்த மூன்று தடவையும் அதில் அக்காவின் முகம் மட்டும்தான் இருந்தது. மாஸ்டர் இல்லவே இல்லை. இப்போது நாலாவது தடவை நினைத்துப் பார்த்தாள். கொஞ்சம்கூட இனிக்கவில்லை.

சரி, சொல்லிவிடலாம். இங்கேயே, எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னால் கத்திகளும் தப்பிக்கும், அக்காவும் வசமாக மாட்டுவாள். கடுகு வாயைத் திறந்தாள்.

அக்கா அப்போது எட்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மதியம் அம்மா வைத்த தட்டு மேசை மேல் மூடியபடியே இருந்தது. அவள் இன்னும் சாப்பிடக்கூட இல்லை. கடுகு திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"அக்கா, கொஞ்சம் சமையலறைக்கு வா."

"இப்ப முடியாது."

"வான்னா வா."

கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அக்கா இடுப்பில் கை வைத்தாள்.

"ஆரம்பிச்சுட்டியா? போன வாரம் என் பாஸ்போர்ட்டை அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சே. நேத்து, புயல் வருது, விமானம் பறக்காதுன்னே. இன்னிக்குக் கத்தியா? உனக்குப் பொறாமை."

"பொறாமைதான். யாரு இல்லேன்னா? அதுக்காக இதுல போட்டிருக்கறது பொய்யாயிடுமா?"

காகிதத்தை நீட்டினாள். அக்கா விரித்துப் பார்த்தாள்.

"விமானத்துல தொங்கறது யாரு?"

"அதை விடு. திருப்பிப் பாரு."

திருப்பிப் படித்த அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மானமே போச்சு" என்றாள் மெதுவாக.

"ஒண்ணும் போகல. பெரிய பெட்டியில வைக்கலாம்னு இதுலயே போட்டிருக்கு. இப்பத்தான் கவனிச்சேன்னு நீயே போய்ச் சொல்லிடு. முடிஞ்சுது."

அக்கா அவளையே பார்த்தாள். "நீ அங்கயே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் நினைச்சேன்" என்றாள் கடுகு. பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. "வாயில வரல."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கடுகு கதவிடுக்கில் நின்று கேட்டாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. பட்டியல்ல தப்பு நடந்துபோச்சு. கத்தி கைப்பையில இருக்கக் கூடாது, விமான நிலையத்துல எடுத்துக்குவாங்க. கெட்டித் துணியில சுத்திப் பெரிய பெட்டியில வைக்கணும்."

மாஸ்டரின் கை தானாகவே பையைப் பொத்திக்கொண்டது.

"தப்பு என்னுது" என்றாள் அம்மா. "கைலயே வெச்சுக்கணும்னு சொல்லிச் சொல்லி உங்களையெல்லாம் கெடுத்து வெச்சதே நான்தான்."

"நல்லவேளை, நீ பாத்தே கண்ணு" என்றார் டாக்டர் அம்மா.

கடுகு கதவிடுக்கில் காதை இன்னும் ஒட்டி வைத்தாள்.

"நான் பாக்கல" என்றாள் அக்கா. "அந்தப் பக்கத்தைத் தேவையில்லேன்னு எடுத்துப் போட்டதே நான்தான். பாத்தது கடுகு."

மாஸ்டர் எழுந்து சமையலறைக் கதவைத் திறந்தார். ஒளிய நேரமில்லாமல் கடுகு மாட்டிக்கொண்டாள். துண்டில் சுற்றிய கத்தியை அவர் இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"எப்படிச் சுத்தணும்னு உனக்குத்தான் தெரியும். நீயே வெச்சுடு."

அதற்குப் பிறகு பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். கடுகு ஒவ்வொரு கத்தியையும் அட்டையில் வைத்து, துணி சுற்றி, கயிறு கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். கடைசியாக வந்தது அக்காவின் கத்தி. அதற்கும் இறுக்கமாகவே கட்டினாள்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. அக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கையசைத்தாள். கடுகும் அசைத்தாள். பொறாமை போய்விட்டதா என்று வயிற்றைக் கேட்டுப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே ஜம்மென்று இருந்தது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. கடுகுக்குத் துணையாக வீட்டில் இருந்த அப்பா எடுத்துப் பேசிவிட்டு, "உனக்குத்தான்" என்று நீட்டினார்.

"கடுகு, நாங்க சோதனை வரிசையில நிக்கறோம்" என்றாள் அக்கா. பின்னால் ஒரே சத்தம். "மாஸ்டர் மிளகு அரைக்கற சின்ன மெஷின் கொண்டாந்திருக்கார். கைப்பையில இருக்கலாமான்னு கேக்கறார். இருக்கலாம்னு நான் சொல்லிட்டேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. உன்னைக் கேட்டாத்தானாம். எல்லாத்துக்கும் உன்னைத்தான் கேக்கணுமாம்."

அக்காவின் குரலில் லேசாக ஒரு புகைச்சல் இருந்தது. கடுகுக்கு அந்தப் புகைச்சலை நன்றாகத் தெரியும். ஒரு மாதமாகப் பழகியதாயிற்றே.

நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த மூன்றாம் பக்கத்தை மடியில் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பன்னெண்டு பேரும் கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றாள். "பாத்துட்டுச் சொல்றேன்."