நகல் வேண்டாம் என்றவள்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. கிடைத்த ஒரே ஆட்டோவில் ஜீவிதா ஒரு காலை வைக்கவும், யாருடைய பையோ அவளைத் தாண்டி சீட்டில் விழவும் சரியாக இருந்தது.

"ஏனுங்க, பையைப் போட்டா ஆட்டோ உங்களுதாயிருமா?"

"ஸாரி ரீ... நான்தான் முதல்ல கை காட்டினேன்."

நனைந்த முடி அவன் நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும் சிரித்தன. கோபத்தில் இருக்கும்போது இப்படியா ஒரு ஜோடிக் கண்கள் எதிரே வந்து நிற்க வேண்டும்... அநியாயம்!

"எல்லிகெ?" என்று போகுமிடம் கேட்டார் டிரைவர்.

"ஹெப்பால்!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் சேர்ந்தே போனார்கள். அவள் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பெண் என்பதை அவள் பேச்சே காட்டிக்கொடுத்தது. அவனோ மைசூரில் வளர்ந்தவன். தமிழுக்கு நடுவே 'ரீ' என்று மரியாதையாகக் கன்னடம் எட்டிப் பார்த்தது.

"அவ்வளவு அவசரமான வேலையா?"

"மத்தியானம் டெமோ இருக்குதுங்க. ஒரே சர்வருக்குள்ள தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரி பல வெர்ச்சுவல் மெஷின் ஓடும்ல... அதுக வெளிய அனுப்பற டேட்டாவையெல்லாம் சர்வர் ஒருக்கா நகல் எடுத்துத்தான் அனுப்புது. பாதி சக்தி அதுலயே போயிருது. நான் நகலே வேண்டாம்னுட்டேன். டேட்டா இருக்கற இடத்தைச் சொல்லிட்டா, நெட்வொர்க் கார்டு நேரா அங்கிருந்தே எடுத்து அனுப்பிரும்."

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவள் கவனிக்கவில்லை.

"எங்க பெங்களூர் ஆபீஸ்ல தருண்குமார்னு ஒரு மகராசன். என் திட்டத்தை 'இது ஆபத்து'ன்னு ஒத்தை வரியில திருப்பி அனுப்பிட்டான். பழைய முறை அவன் எழுதினதாம்... திமிரு!"

"திமிரு இல்லைங்க..." அவன் குரல் தாழ்ந்தது. "நான்தான் தருண்குமார். டெமோவுக்குத்தான் வந்தேன்."

ஐயோ!

"கார்டு அனுப்பி முடிக்கறதுக்குள்ள, மெஷின் அதே இடத்துல அடுத்த டேட்டாவை எழுதிட்டா? அதைத்தான் சொன்னேன். விளக்கமா எழுதாதது என் தப்பு."

கன்னம் எரிய, ஆபீஸ் வாசலில் இறங்கிப் போனாள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் சோதனையைப் பலமடங்கு வேகத்தில் ஓட்டினாள். மலைக் கிராமத்து நோயாளிகளின் ஸ்கேன் படங்களை டாக்டர்களுக்கு அனுப்பும் நிறுவனம்தான் அன்றைய வாடிக்கையாளர். திரையில் ஒருவரின் நெஞ்சுப் படத்தின் நடுவே இன்னொருவரின் முதுகெலும்பு!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெமோ தோற்றால் அவள் டீமையே கலைத்துவிடுவார்கள். அதைவிட, இந்தப் படத்தை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதினால்...

தருண்குமார் அன்றைக்கு உட்கார்ந்திருந்த மேசைக்கு நேராகப் போனாள்.

"நீங்க சொன்னது சரிங்க. வாங்க, சரி பண்ணோணும்."

அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அவள் இடத்துக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

கார்டு 'அனுப்பிட்டேன்' என்று சொல்லும்வரை அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது... அவள் எழுதினாள். அவன் எப்படியாவது உடைக்கப் பார்த்தான். உடைந்தது. திருத்தினாள். மறுபடி உடைத்தான்... கடைசியில் எவ்வளவு முட்டியும் உடையவே இல்லை!

மத்தியானம் திரையில் படங்கள் பளிங்கு போலத் தெளிவாக ஓடின. சர்வரின் சுமை பாதியாகச் சரிந்தது. வாடிக்கையாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"அப்போ பழைய முறையை என்ன செய்யலாம்?" என்றார் மேனேஜர் நிர்மலா.

"எடுத்துடுங்க மேடம்," என்றான் தருண்குமார், எல்லோர் முன்னாலும். "அது நான் எழுதினது. ஜீவிதாவோடது அதைவிட எவ்வளவோ மேல்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவனையா திமிர் பிடித்தவன் என்றேன்...

எல்லோரும் கலைந்தபின், ஆபீஸ் நடைபாதை ஜன்னலோரம் நின்றவளிடம் வந்தான்.

"ஒரே நாள்ல சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்க..."

"சொல்லித்தான் பாருங்களேன்."

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஜீவிதா. தப்பை ஒத்துக்கிட்டு என் மேசைக்கு வந்தீங்க பாருங்க... அப்பவே விழுந்துட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுத்தாள்.

"எனக்குந்தாங்க..."

"என்ன ரீ? கேக்கல."

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குது!"

நடைபாதையில் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்... ஜீவிதா தலை குனியவில்லை.