லாக்கெட்டுக்குள் ஒரு மீசை!

“கொலை சார்... கொலை!”

இன்சூரன்ஸ் ஆபீஸின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்மணி அலறினாள்.

நகை க்ளெய்ம்களைப் பார்க்கும் அதிகாரி துள்ளி எழுந்தார். ஆபீஸில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘சந்தேகம்’. பெற்ற தாய் தும்மினாலும் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்கிற ஆசாமி!

“யாரைம்மா?”

“என் லாக்கெட்டை!”

கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். தங்க லாக்கெட்... சப்பையாக நசுங்கிக் கிடந்தது.

பின்னாலேயே அவள் கணவர் வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றார்.

“கொக்கி தேஞ்சு வாசல்ல விழுந்திருக்கு. இவர் பார்க்காம காரை ஏத்திட்டார். கல்யாணத்துலேர்ந்து கழுத்தை விட்டு இறங்காத பொருள் சார்! பணமெல்லாம் வேண்டாம்... இதையே பழையபடி ஆக்கிக் கொடுங்க.”

சந்தேகம் லென்ஸை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“கார் எத்தனை தடவை ஏறிச்சு?”

“ஒரே தடவைதான்!” கணவர் முந்திக்கொண்டார்.

“டயர் ஏறினா இப்படி வட்ட வட்டமா குழி விழாதே சார்... இது சுத்தியல்!”

கணவரின் நெற்றி வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது!

“உள்ளே என்னம்மா இருக்கு?”

அவள் முகம் சிவந்தது. “ஒரு... போட்டோ.”

“திறக்கலாமா?”

“ஐயோ, வேண்டாம் சார்!”

“திறங்க சார்!” கணவர் கத்தினார். “நான்தான் அடிச்சேன்! வாசல்ல கிடந்ததை எடுத்து, சுத்தியலாலதான் அடிச்சேன்!”

“என்னங்க சொல்றீங்க...?” அவள் அழ ஆரம்பித்தாள்.

“போன வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு அதைத் திறந்து பார்த்துச் சிரிச்சியே... பின்னாடி நின்னு நானும் பார்த்தேன். மீசை... தொப்பி... போலீஸ்காரன்! இத்தனை வருஷமா என் பொண்டாட்டி கழுத்துல ஒரு போலீஸ்காரன் குடியிருக்கான். நான் எந்த ஸ்டேஷன்ல போய்ப் புகார் கொடுக்கறது?”

சந்தேகம் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார்.

டக்!

நகமளவு போட்டோ. லென்ஸ் அதன்மேல் நகர்ந்தது. அடர்த்தியான மீசை... விறைப்பான தொப்பி...

அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

“சார், உங்க இடது காது நுனி மடங்கியிருக்கே... பிறந்ததுலேர்ந்தேவா?”

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“இந்தப் போலீஸ்காரருக்கும் அப்படித்தான் இருக்கு!”

கணவரின் கை தானாகக் காதுக்குப் போனது.

அழுதுகொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“அட மனுஷா... அது நீங்கதான்! ஆபீஸ் நாடகத்துல இன்ஸ்பெக்டர் வேஷம் போட்டீங்களே... ஒட்டு மீசை! மேடையில திருடனைக் கோட்டை விட்டுட்டு, முதல் வரிசையில உட்கார்ந்திருந்த என்னைப் பிடிச்சீங்களே!”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா உங்களைக் கையில பிடிக்க முடியுமா?”

கணவர் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். போட்டோவை மூக்கருகே கொண்டுபோனார்.

“நானா...? இவ்ளோ அழகாவா இருந்தேன்!”

சந்தேகம் தொண்டையைச் செருமினார்.

“மன்னிக்கணும்மா. தவறி நசுங்கினா நஷ்டஈடு உண்டு. வேணும்னே நசுக்கினா பைசா கிடையாது.”

“பரவாயில்ல சார்.” அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “வீட்டுக்குப் போய் நானே வசூல் பண்ணிக்கறேன்!”

அவள் கதவைத் தாண்டிவிட்டாள். கணவர் மட்டும் எழவில்லை. மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தார்.

“சார்... ஆள் சேதத்துக்கு இப்பவே ஒரு பாலிசி போட முடியுமா?”

“சான்ஸே இல்ல சார். சேதம் நிச்சயம்னு தெரிஞ்சா நாங்க பாலிசி கொடுக்கறதில்ல!”