முதலை வாயில் அப்பா

வாயாடிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வாயைத் திறந்தால் மூடவே மாட்டாள். அவளுடைய தம்பி உருண்டைக்கு ஐந்து வயது. அக்கா எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவான். அன்றைய வம்பும் அதனால்தான் வந்தது.

அப்பா லாரி ஓட்டுபவர். அவர் வெளியூர் கிளம்பிவிட்டால், அம்மாவின் போனில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் அவர் பின்னாலேயே போவார்கள். அதில் அப்பாவின் லாரி ஒரு நீலப் புள்ளி. வழியில் வரும் மலை, காடு, மணல்திட்டு எல்லாவற்றிலும் மிருகங்களைக் கண்டுபிடிப்பது வாயாடியின் வேலை. காலையில்தான் அப்பா ஒரு யானையின் தும்பிக்கையைத் தாண்டியிருந்தார்.

மாலையில் ஒரு பெரிய ஏரி வந்தது.

"டேய், முதலைடா. எப்படி வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு பாரு."

உருண்டை எட்டிப் பார்த்தான். ஏரியின் இரண்டு கிளைகள் தாடைகள் போல விரிந்திருந்தன. நடுவில் சாலை. அங்கே நீலப் புள்ளி அசையாமல் நின்றது.

"அக்கா, அப்பாவ முழுங்கிடுச்சா?"

உதடு பிதுங்கியது. அடுத்த நொடி ஓவென்று அழுகை.

"முதலை இல்லடா. அது வெறும் ஏரி, தண்ணி."

"அப்போ அப்பா தண்ணிக்குள்ளயா இருக்காரு?"

அழுகை இரண்டு மடங்கானது. தைத்துக்கொண்டிருந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"சாப்பிட இறங்கியிருப்பாரு. போனை வண்டியிலயே வச்சிட்டுப் போறதுதான் உங்கப்பா பழக்கமாச்சே," என்றார் அம்மா.

உருண்டை கேட்பதாக இல்லை. பால் டம்ளரையும் தள்ளிவிட்டான். அவன் விக்கி விக்கி அழுவதைப் பார்க்க வாயாடிக்குப் பாவமாக இருந்தது. எல்லாம் தன் வாயால் வந்தது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

முதலை இல்லை என்று சொன்னால் இனி நம்பமாட்டான். கண்ணால் பார்த்துவிட்டானே. வாயாடி போனை எடுத்து, வரைபடத்தை இரண்டு விரலால் மெல்லச் சுற்றினாள். பாதி சுற்றியதும் நிறுத்தினாள். முதலையின் தாடைக்கு அடியில் இருந்த இரண்டு சின்ன ஓடைகள் இப்போது மேலே நிமிர்ந்து நின்றன.

"உருண்ட, நாமதான் தலைகீழா பாத்துட்டோம். இது பாரு, காது. அது வாலு. இப்போ சொல்லு."

"பூனை," என்றான் விசும்பலுக்கு நடுவே. "ஆனா அப்பா அது வாயில இருக்காரே."

"படிக்கட்டுக்குக் கீழ குட்டி போட்டுச்சே ஒரு பூனை, அது குட்டிய எப்படி இடம் மாத்துச்சு?"

"வாயில கவ்விக்கிட்டு."

"கடிச்சுதா?"

"இல்ல. கழுத்துல, மெதுவா."

"அப்பாவையும் அப்படித்தான் பத்திரமா தூக்கிட்டு வருது."

உருண்டை மூக்கை உறிஞ்சிக்கொண்டு புள்ளியையே பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அது நகர்ந்தது. அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டார் போலிருக்கிறது. உருண்டை பால் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் மதியம் லாரி வீட்டு வாசலில் வந்து நின்றது. அப்பா இறங்கியதும் உருண்டையைத் தூக்கிக்கொண்டார். அவனோ அவருடைய சட்டைக் காலரை இழுத்துப் பின்கழுத்தை உற்று உற்றுப் பார்த்தான்.

"என்னடா தேடுற?" என்றார் அப்பா.

உருண்டை அவர் தோளுக்கு மேலே எட்டி அக்காவைப் பார்த்தான்.

"பல்லே படலக்கா. மெதுவாத்தான் கவ்வியிருக்கு."